எப்போது முடிவு செய்தீர்கள்?

உங்கள் காவலருக்கு முதலில் ஒரு நன்றி. டீயில் எத்தனை ஸ்பூன் சர்க்கரை என்று அவர் என்னைக் கேட்டார். கேட்டதோடு நிற்காமல், நான் பதில் சொல்லும்வரை ஸ்பூனைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார். கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. நிதானமாக யோசித்து மூன்று என்றேன். வாயில் வைக்க முடியவில்லை, அத்தனை தித்திப்பு. இருந்தாலும் கடைசிச் சொட்டுவரை குடித்தேன். என் முடிவல்லவா.

இந்த வாக்குமூலத்தை நானே என் கையால் எழுதுவேன் என்று அடம் பிடித்ததற்கு மன்னிக்க வேண்டும். நான் சொல்லச் சொல்ல உங்கள் எழுத்தர் தட்டச்சு செய்ததை எட்டிப் பார்த்தேன். குடும்பத் தகராறு காரணமாக ஆத்திரமடைந்து என்று போட்டிருந்தார். எங்கள் வீட்டில் தகராறு கிடையாது. என் மனைவியும் நானும் குரலை உயர்த்திப் பேசியதாக அக்கம்பக்கத்தில் ஒருவரைச் சொல்லச் சொல்லுங்கள் பார்க்கலாம். அவள் மாடியிலிருந்து கூடத்தில் விழுந்தாளே, அதற்கு முந்தைய நிமிடம்கூட நாங்கள் கூரையில் இருந்த ஈரத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

ஐயா, நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "எப்ப முடிவு பண்ணீங்க?" என்றீர்கள். நான் சிரித்துவிட்டேன். உங்கள் முகம் மாறியதைக் கவனித்தேன்; திமிர் என்று நினைத்திருப்பீர்கள். திமிர் இல்லை, சந்தோஷம். அந்தக் கேள்வியை மற்றவர்களிடம் கேட்பதுதான் என் பிழைப்பு. அதை என்னிடம் ஒருவர் இத்தனை அக்கறையாகக் கேட்டது இதுவே முதல் தடவை. முன்பே திட்டமிட்டதா, அந்தக் கணத்தில் தோன்றியதா என்பதைப் பொறுத்துத் தண்டனை மாறும் என்றும் சொன்னீர்கள். தண்டனையைப் பற்றி எனக்குக் கவலையில்லை. ஆனால் விடை எனக்கு முக்கியம். அந்தக் கணத்தில்தான் முடிவு செய்தேன். அதற்கு முன் யாருக்கும் தெரியாது, எனக்கே தெரியாது. இதை நீங்கள் நம்பினால் போதும். வேறெதையும் நான் கேட்கப்போவதில்லை.

நான் மருத்துவக் கல்லூரியில் மூளையின் மின் அலைகளை அளக்கிறவன். மாணவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் கடிகாரம். எங்கள் அறையில் ஒருவரை நாற்காலியில் உட்காரவைத்து, ஒயர்கள் தொங்கும் தொப்பி ஒன்றைத் தலையில் மாட்டுவோம். முடியெல்லாம் பசையாகிவிடும், வீட்டுக்குப் போய் இரண்டு தடவை தலைக்குக் குளித்தால்தான் போகும். எதிரே திரையில் ஒரு கடிகார முகம், அதன் விளிம்பில் ஒரு புள்ளி வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். கையில் ஒரு பொத்தான். எப்போது தோன்றுகிறதோ அப்போது அழுத்துங்கள், முன்கூட்டி யோசித்து வைக்காதீர்கள் என்போம். அழுத்திய பிறகு, அழுத்த வேண்டும் என்று முதன்முதலாகத் தோன்றியபோது புள்ளி எங்கே இருந்தது என்று கேட்போம். நீங்கள் லத்தியை மேஜைமேல் வைத்துவிட்டுக் கேட்டதை நாங்கள் பசையைத் தடவிவிட்டுக் கேட்கிறோம், அவ்வளவுதான்.

விடை அநேகமாக ஒரே மாதிரிதான் வரும். விரல் அசைவதற்குச் சற்று முன்னால், ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு முன்னால், தோன்றியதாகச் சொல்வார்கள். ஆனால் தொப்பியிலிருந்து வரும் கோடு அதற்கும் முன்பே, விரல் அசைவதற்கு அரை நொடிக்கும் மேலாக முன்னால், மெதுவாக ஏறத் தொடங்கியிருக்கும். ஆள் இப்போதுதான் முடிவு செய்கிறார் என்று நாம் நினைக்கிற நேரத்தில் மூளை செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போயிருக்கும். இந்தக் கோட்டுக்கு அர்த்தமே வேறு என்கிறவர்களும் உண்டு. மாநாடுகளில் சாப்பாடு ஆறிப்போகும்வரை அதற்காகச் சண்டை போடுவோம். நான் மாணவர்களுக்குச் சொல்வது இதுதான்: நம் மனம், தாமதமாக வேலைக்கு வந்து வருகைப் பதிவேட்டில் சரியான நேரத்தைப் போட்டுக் கையெழுத்திடும் ஊழியர் மாதிரி. தான் ஏமாற்றுவது அதற்கே தெரியாது.

இதில் ஆறுதலான ஒரு பகுதியும் இருக்கிறது. கோடு ஏறத் தொடங்கிய பிறகும் கடைசி நொடித்துண்டில் நம்மால் விரலை நிறுத்திக்கொள்ள முடியும். தொடங்குவது நம் கையில் இல்லாவிட்டாலும் நிறுத்துவது நம் கையில் இருக்கிறது. வீட்டுக்கு எந்த விருந்தாளி வந்தாலும் சாப்பாட்டு மேஜையில் இதைச் சொல்லாமல் விடமாட்டேன். என் மனைவி இதை எத்தனை முறை கேட்டிருப்பாள் என்று கணக்கே இல்லை. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோல் தலையாட்டுவாள். நல்லவள்.

அவள் அறுவை சிகிச்சை அறையில் நர்ஸ். ஊரே அவளை சிஸ்டர் என்றுதான் கூப்பிடும். அவளைச் சீண்ட வேண்டும் என்றால் நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். டாக்டருக்குக் கத்தி, கத்தரி, இடுக்கி, நூல் எடுத்துக் கொடுக்கிற வேலை. சுமாரான நர்ஸ் கேட்டதைக் கொடுப்பாள். கெட்டிக்கார நர்ஸ் கேட்பதற்கு முன்பே கொடுத்துவிடுவாள். டாக்டர் நோயாளியின் வயிற்றிலிருந்து கண்ணை எடுக்காமல் உள்ளங்கையை மட்டும் பக்கவாட்டில் நீட்டுவார், வேண்டியது அதில் வந்து உட்காரும். அவளோடு பல வருடம் வேலை பார்த்த பெரிய டாக்டர் ஒருவர் தன் ஓய்வு விழாவில் மேடையிலேயே சொன்னார்: "எனக்கு என்ன வேணும்னு எனக்கே தெரியாதுங்க. சிஸ்டர் என்ன குடுக்கறாங்களோ, அதுதான் எனக்கு வேணும்." எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். ஆனால் மற்றவர்களுக்கு முன்பே நிறுத்திவிட்டேன்.

ஏனென்றால் எங்கள் வீட்டிலும் அதே கதைதான். நான் கையை நீட்டினால் உப்பு வரும். செய்தித்தாளைப் பிரித்தால் மூக்குக்கண்ணாடி வரும். குளிர்கிறது என்று எனக்கு உறைப்பதற்குள் மின்விசிறி மெதுவாகச் சுற்ற ஆரம்பித்திருக்கும். எப்படித் தெரிகிறது என்று கேட்டால், "உப்பு வேணும்னா உங்க இடது தோள் கொஞ்சம் இறங்கும்" என்பாள். குளிருக்குக் கால் கட்டைவிரலை மடக்குவேனாம். நான் நிலைக்கண்ணாடி முன் நின்று உப்பை நினைத்துக்கொண்டே பார்த்தேன். தோள் இறங்கவில்லை. சொன்னபோது, நீங்களாகப் பார்த்தால் இறங்காது என்றாள்.

முதல் சில வருடங்கள் நான் கொடுத்துவைத்தவன் என்றே நினைத்தேன். நண்பர்கள் வயிறெரிந்தார்கள். பிறகுதான் மெல்ல ஒரு சந்தேகம் தலைதூக்கியது. உப்பு வேண்டும் என்று நினைத்ததால் உப்பு வந்ததா, உப்பு வந்ததால் வேண்டும் என்று நினைத்தேனா? ஒரு நாள் எதுவும் வேண்டாமல் சும்மா கையை நீட்டினேன். நகவெட்டி வந்தது. குனிந்து பார்த்தேன், நகம் வளர்ந்துதான் இருந்தது. வெட்டிக்கொண்டேன்.

ஒரு விடுமுறை நாளில் அவளை எங்கள் ஆய்வறைக்குக் கூட்டிப்போனேன். தொப்பியை நான் மாட்டிக்கொண்டு அவளை எதிரே உட்காரவைத்து, அவளுக்கும் ஒரு பொத்தான் கொடுத்தேன். அவள் கை எனக்குத் தெரியாமலிருக்க மடியில் ஒரு துணியைப் போட்டேன். நான் அழுத்தப்போகிறேன் என்று உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது நீ அழுத்து என்றேன். "லீவு நாள்ல இதுக்கா கூட்டிட்டு வந்தீங்க?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். கருவிகளின் கடிகாரங்களை இரண்டு முறை சரிபார்த்தேன். கணக்கு உதைத்தால் முதலில் கடிகாரத்தைச் சந்தேகப்படு என்பது எங்கள் அறையின் முதல் பாடம்.

முடிவைப் பார்த்த பிறகு மறுபடியும் சரிபார்த்தேன். கடிகாரத்தில் கோளாறு இல்லை. முதலில் என் மூளையின் கோடு ஏறியது. அடுத்து அவள் அழுத்தினாள். அதற்கும் பிறகுதான் அழுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. கடைசியாக நான் அழுத்தினேன். ஏறக்குறைய ஒவ்வொரு தடவையும் இதே வரிசை. என் விருப்பம் என்னிடம் வந்து சேர்வதற்கு முன் அவளிடம் போய்த் தலையைக் காட்டிவிட்டுத்தான் வருகிறது.

எங்கள் துறைத்தலைவி அந்த வரைபடத்தைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்று முதல் எந்தக் கூட்டத்திலும் என் கருத்தைக் கேட்க வேண்டி வந்தால், "சாரை ஏன் தொந்தரவு பண்றீங்க, சிஸ்டருக்கு ஒரு போன் போடுங்க" என்பார். மொத்த அறையும் சிரிக்கும். நானும் அசடு வழியச் சிரிப்பேன். எனக்கு நகைச்சுவை உணர்வு உண்டு என்பதை இதற்குள் நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆனால் வலித்தது. அதை மறைப்பானேன், ரொம்பவே வலித்தது.

அதற்குப் பிறகு எனக்கு இருந்தது ஒரே ஓர் ஆசை. அவளுக்கு முன்னால் ஒரு காரியத்தைச் செய்துவிட வேண்டும். பெரிய காரியமாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. மீசையை எடுத்துவிடலாம் என்று திடீரென்று தோன்றிக் குளியலறைக்கு ஓடினேன். பழைய பிளேடை எடுத்துவிட்டுப் புதிது போட்டு வைத்திருந்தாள். வேலைக்குப் போகும் வழியில் வழக்கமான திருப்பத்தில் திரும்பாமல் நேராகப் போனேன். போன் அடித்தது, அந்தத் தெருவில் பள்ளம் தோண்டியிருக்கிறார்கள், பார்த்துப் போங்கள் என்றாள். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே இருந்தவன் காரணமே இல்லாமல் எழுந்து நின்று இரண்டு கைகளையும் விரித்து ஆடினேன். என் வயதில் அது பார்க்கச் சகிக்கிற காட்சி இல்லை. என் முழங்கை படக்கூடிய இடத்தில் இருந்த தண்ணீர் ஜாடியை அவள் அதற்குள் நகர்த்தி வைத்திருந்தாள்.

நாணயம் சுண்டிப் பார்க்கலாமே என்பீர்கள். பார்த்தேன். அது நாணயத்தின் முடிவு, என்னுடையது அல்ல.

கடைசியில் நிறுத்திப் பார்ப்பது என்று இறங்கினேன். உப்புக்காகக் கையை நீட்டத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டேன். அவள் உப்பைத் தொடவே இல்லை, தன் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "ஏன் எடுக்கலை?" என்றேன். "நிறுத்தப் போறீங்கன்னு தெரிஞ்சுது" என்றாள். அதைச் சொன்னபோது அவள் முகத்தில் ஒரு பெருமை. என்னைப் பற்றிய பெருமை அது. எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

இனி மாடிப்படிக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் கூடத்திலிருந்து படியேறிப் போனால் மேலே ஒரு சின்ன நடை. அதன் ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் இரும்புக் கைப்பிடி, கைப்பிடிக்குக் கீழே நேராகக் கூடம். அந்தக் கைப்பிடி துருப்பிடித்திருந்தது. என் மனைவியின் தம்பி கிரில் பட்டறை வைத்திருக்கிறான். மச்சான் கையில் இருக்கும்போது வெளி ஆள் எதற்கு? கூப்பிட்டேன், வந்து கழற்றிப் போனான். இரண்டொரு நாளில் புதிது மாட்டிவிடுவதாகச் சொன்னான். அவசரமே இல்லை, மற்ற வேலைகளை முடித்துக்கொண்டு வா என்றேன். பிறகு அவன் பல தடவை போன் செய்து, "மாமா, கைப்பிடி ரெடியா இருக்கு, ஆளை அனுப்பட்டுமா?" என்று கேட்டதாகவும், நான் தட்டிக்கழித்துக்கொண்டே இருந்ததாகவும் உங்களிடம் சொல்லியிருக்கிறான். உண்மைதான். என்ன நிறத்தில் பெயின்ட் அடிப்பது என்று நான் இன்னும் முடிவு செய்திருக்கவில்லை. முடிவு செய்வதில் எனக்கிருக்கும் சிரமத்தைத்தான் இவ்வளவு நேரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் மகள் கல்லூரி விடுதியிலிருந்து விடுமுறைக்கு வருவதாக இருந்தாள். ஒரு வாரம் கழித்து வா அம்மா என்று சொல்லிவிட்டேன். இதையும் நீங்கள் குறித்துவைத்திருக்கிறீர்கள். கைப்பிடி இல்லாத மாடியில் பெண் போனைப் பார்த்துக்கொண்டே நடப்பாள், தவறி விழுந்துவைத்தால்? பொறுப்புள்ள எந்த அப்பாவும் இதைத்தான் செய்வார்.

அந்த வாரத்தில் மாடி அறையிலிருந்த பழைய ஆய்விதழ்களை ஒழித்துக்கட்டினேன். எல்லாவற்றையும் ஒரு பெரிய சூட்கேஸில் திணித்தேன். கிட்டத்தட்ட ஓர் ஆள் கனம். அதைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி இடுப்பை ஒடித்துக்கொள்வானேன் என்று நடையின் திறந்த பக்கத்திலிருந்து தள்ளிவிட்டேன். கைப்பிடி இல்லாததில் இப்படியும் ஒரு வசதி இருந்தது. கூடத்துத் தரைக்கல் ஒன்று விரிசல் விட்டது. சத்தம் கேட்டு அவள் சமையலறையிலிருந்து வந்தாள். சூட்கேஸைப் பார்த்தாள், விரிசலைப் பார்த்தாள், நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் மேலேயிருந்து கையசைத்தேன். வேறு நாளாக இருந்தால் ஒரு பாட்டம் திட்டியிருப்பாள். அன்று நேராகத் துடைப்பம் எடுக்க உள்ளே போனாள்.

மறுநாள் காலையில் அவள் வீட்டைச் சுத்தம் செய்யக் கிளம்பிவிட்டாள். மாடி அறை மெத்தைகள் இரண்டையும் கீழே இறக்க வேண்டும், தட்டிப் போட வேண்டும் என்றாள். நானே ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினேன். எங்கே போட என்று கேட்டபோது விரிசல் விட்ட கல்லைக் காட்டி, "இப்போதைக்கு இங்கயே இருக்கட்டும்" என்றாள். அதன்மேல் தலையணைகளையும் சோபாத் திண்டுகளையும் அடுக்கினாள். என் மனதில் இருப்பது அவளுக்கு முன்பே தெரிந்துவிட்டது என்கிறீர்களே, இதையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தெரிந்திருந்தால் அந்த மெத்தையை என்னையே தூக்கச் சொல்வாளா?

மாலையில் மேலே நடையில் நின்றுகொண்டு அவளைக் கூப்பிட்டேன். கூரையில் ஈரம் படர்ந்திருக்கிறது, ஒரு நிமிடம் வந்து பார் என்றேன். ஈரம் பொய்யில்லை, அந்த வீட்டை நாங்கள் வாங்கிய காலத்திலிருந்தே இருக்கிறது. இதோ வருகிறேன் என்றாள், ஆனால் உடனே வரவில்லை. போனில் யாரிடமோ தணிந்த குரலில் பேசுவது கேட்டது. பிறகு படியேறி வந்தாள். கண்ணாடி போட்டிருக்கவில்லை. கண்ணாடி இல்லாமல் கூரையின் ஈரம் அவளுக்கு எப்படித் தெரியும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

வந்தவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடையின் விளிம்பில் நின்றாள். அண்ணாந்து பார்க்கவும் இல்லை. "பார்த்துட்டேன்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "வேற ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அவள் நகரவில்லை.

"அவசரமில்ல. யோசிச்சுச் சொல்லுங்க."

அப்போதுதான், ஐயா, எனக்குத் தோன்றியது. எங்கள் கல்யாண வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் என்னைப் பார்க்காமல் நிற்கிறாள். என் தோள் இறங்குவதோ கட்டைவிரல் மடங்குவதோ அவளுக்குத் தெரியப்போவதில்லை. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன். பள்ளிக்கூடத்தில் கடைசி மணி அடித்தவுடன் வருமே, அந்தச் சந்தோஷம். நிறுத்தியிருக்க முடியாதா என்று கேட்பீர்கள். முடியும். தாராளமாக முடியும். என் கைகள் அவள் முதுகைத் தொட்ட பிறகும் எனக்கு நேரம் இருந்தது, அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. நிறுத்த வேண்டாம் என்பதும் நான் எடுத்த முடிவுதான். தள்ளினேன்.

அவள் மெத்தைமேல் விழுந்தாள். தோளில் ஓர் எலும்பும் மணிக்கட்டும் முறிந்ததாகப் பிறகு சொன்னார்கள். கத்தவில்லை. மல்லாந்து கிடந்தபடி என்னைப் பார்த்தாள். கண்ணாடி இல்லாததால் என் முகம் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்காது. வலிக்கிறதா என்று கேட்டேன். அவள் பதில் சொல்வதற்குள் வாசல் மணி அடித்தது. நீங்கள் வந்துவிட்டிருந்தீர்கள். கதவு தாழிடாமல்தான் இருந்தது.

இங்கேதான் உங்களுக்கும் எனக்கும் கணக்கு உதைக்கிறது. நான் தள்ளுவதற்கு முன்பே என் மனைவி உங்கள் நிலையத்துக்குப் போன் செய்துவிட்டாள் என்கிறீர்கள். பதிவையும் போட்டுக் காட்டினீர்கள். வீட்டுக்காரர் என்னை மாடியிலிருந்து தள்ளப்போகிறார் என்கிறாள். தள்ளிவிட்டாரா அம்மா என்று உங்கள் காவலர் கேட்கிறார். "இன்னும் இல்லைங்க. இப்ப கிளம்பினா சரியா இருக்கும்" என்கிறாள். அறுவை சிகிச்சை அறையில் நூலை எடுத்து வைக்கிற அதே குரல். கேட்டுக்கொண்டிருந்த உங்கள் எழுத்தர்கூடச் சிரித்துவிட்டார்.

பிறகு நீங்கள் மருத்துவமனைக்குப் போய் அவளிடம் வாக்குமூலம் வாங்கி வந்து, எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். சூட்கேஸ் விழுந்தபோதே தெரிந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறாள். தெரிந்துமா மேலே போனீர்கள் என்று நீங்கள் கேட்டதற்கு அவள் சொன்ன பதிலை நான் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னேன். அது எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

"செய்யாத ஒண்ணுக்கு ஒருத்தரை எப்படிங்க விட்டுட்டுப் போறது? தொடங்கறது நம்ம கையில இல்ல, நிறுத்தறது நம்ம கையிலன்னு அவர்தான் ஆயிரம் தடவை சொல்லுவார். நிறுத்துவார்னு நெனச்சேன். மூஞ்சியப் பார்த்தா எனக்கு முன்னாடியே தெரிஞ்சுடும். அதான் கண்ணாடியக் கழட்டி வெச்சுட்டு, திரும்பி நின்னேன். அந்த ஒண்ணையாவது அவரே முடிவு பண்ணட்டும்னு."

நல்லவள் என்று முன்பே சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். ஆனால் இதை நான் ஒப்புக்கொள்ள முடியாது. ஒப்புக்கொண்டால், நான் முதன்முதலாகச் சுதந்திரமாக நின்ற அந்தக் கணத்தையும் அவள்தான் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள் என்று ஆகிவிடும். நான் கேட்பதற்கு முன்பே. அப்படி இருக்க முடியாது. நடந்து முடிந்த பிறகு மனம் நேரத்தை மாற்றி எழுதிக்கொள்ளும், அவள் மனமும் அதற்கு விதிவிலக்கல்ல. பதிவில் இருக்கும் நேரத்தைப் பொறுத்தவரை, உங்கள் நிலையத்தின் கடிகாரத்தைத் தயவுசெய்து சரிபார்க்கச் சொல்லுங்கள். அது நிச்சயம் மெதுவாக ஓடுகிறது. கைப்பிடிக்கு நிறம் தேர்ந்தெடுக்காததும், மகளைத் தள்ளி வரச் சொன்னதும், சூட்கேஸும் தனித்தனி விஷயங்கள். அவற்றை நீங்கள்தான் ஒரே கோட்டில் அடுக்குகிறீர்கள்.

ஆகவே என் வாக்குமூலம் இது. என் மனைவியைக் கொல்லும் நோக்கத்தோடு மாடியிலிருந்து தள்ளியது நான்தான். யாருடைய தூண்டுதலும் இல்லாமல், முழு சுயநினைவோடு, அந்த ஒரு கணத்தில் முடிவு செய்து தள்ளினேன். இது முழுக்க முழுக்க என் செயல்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் எழுதியதை ஒருமுறை வாசித்துவிடலாம் என்று நினைத்து இடது கையை நீட்டினேன். கை நீட்டியபடியே இருந்தது. அதில் எதுவும் வந்து விழவில்லை. டீ கொடுத்த அதே காவலர் அதைப் பார்த்துவிட்டு எழுந்து வந்து, "என்ன சார் வேணும்?" என்று கேட்டார். வெகுநேரம் காத்திருந்தார், பாவம்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.